உள்ளாட்சி பந்தல் போடுவதற்கு மட்டும்தானா?

நகராட்சி மண்டபத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடக்கும்போது நகராட்சியின் பங்கு என்னவென்று நாம் அனைவரும் அறிவோம். மண்டபத்தைத் திறந்துவிடுவது, நாற்காலி போடுவது, குடிநீர் வைப்பது, குத்துவிளக்கு ஏற்றுவது. யாரை எடுத்தார்கள், என்ன ஊதியம், ஆறு மாதம் கழித்து அந்த இளைஞர் அதே வேலையில் இருக்கிறாரா என்ற கேள்விகள் எவையும் அதன் கோப்புகளுக்குள் வருவதில்லை. மாலையில் பந்தலைப் பிரித்ததும் கடமை முடிகிறது. இந்தியா முழுவதும் இளைஞர் வேலையின்மை குறித்த கொள்கை உருவாக்கத்தில் உள்ளாட்சிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் ஏறத்தாழ இவ்வளவுதான். இதை ஆட்சியாளர்கள் விரும்புவது வியப்பல்ல. ஆய்வுலகமும் மறுகேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில், இந்தச் சிக்கலை எப்படி வரையறுக்கிறார்கள் என்று பார்ப்போம். "வேலை இருக்கிறது, திறன் இல்லை" என்பது இருபது ஆண்டுகளாக நாம் கேட்டு வரும் மந்திரம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டதாரி இளைஞரிடையே 29.1 விழுக்காடு. திறன் குறைவே காரணமென்றால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? படிக்காதவருக்கு வேலையின்றிக் காத்திருக்க வசதியில்லை. கிடைத்த கூலிக்குப் போகிறார். படித்தவர், படிப்புக்கேற்ற வேலை உள்ளூரில் இல்லாததால் காத்திருக்கிறார். ஆகவே வேலையின் தன்மை, அது இருக்கும் தொலைவு, அங்கே சென்று சேரும் வழி ஆகியவையும் இச்சிக்கலின் பகுதிகள். இவை மூன்றும் ஊருக்கு ஊர் மாறுபவை. ஊரை அறிந்த அமைப்பு எதுவோ, அதை விட்டுவிட்டு இதற்குத் தீர்வு தேட முடியாது.

அரசமைப்புச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. 73ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்கள் உள்ளன. அவற்றில் 18ஆவது, தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும். சிறுதொழில் 8ஆவது, கதர், கிராமத் தொழில், குடிசைத் தொழில் 9ஆவது. நகரங்களுக்கான பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில் தொழிற்பயிற்சி என்ற சொல்லே கிடையாது. பொருளாதார, சமூக வளர்ச்சிக்கான திட்டமிடல் என்ற பொதுவான வரியும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் மட்டுமே உள்ளன. பட்டதாரிகள் குவியும் நகரத்துக்குத்தான் அந்த அதிகாரம் எழுதப்படவில்லை! எழுதப்பட்ட ஊராட்சிகளின் நிலையும் மேலானதல்ல. மாநிலச் சட்டமன்றம் இந்த அதிகாரங்களை "வழங்கலாம்" என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்த ஒற்றைச் சொல்லின் நிழலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

இடைப்பட்ட காலத்தில் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2015இல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 2024இல் பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர், முதல் 500 நிறுவனங்கள், மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அந்த 500 நிறுவனங்களில் ஒன்றுகூடத் தன் ஊரில் இல்லாத ஒரு சிற்றூர்ப் பட்டதாரி, அந்தப் பணத்தில் வேறொரு நகரில் அறை எடுத்துத் தங்கி, உண்டு, வேலைக்குப் போய்வர வேண்டும். அவரது ஊராட்சிக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. திட்டம் தில்லியில் பிறக்கிறது, இணையதளத்தில் வளர்கிறது, சான்றிதழில் முடிகிறது.

சரி, உள்ளாட்சி என்னதான் செய்ய முடியும்? மூன்று செயல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, தன் வீட்டை நிரப்புவது. 18 மாநிலங்களில் 74ஆவது திருத்தத்தின் நடைமுறையை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கைகள், நகர உள்ளாட்சிகளில் ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் சராசரியாக 37 விழுக்காடு காலியாக இருப்பதைக் காட்டின. ஒருபுறம் ஆளில்லாத பொறியியல் பிரிவு, சுகாதாரப் பிரிவு, கணக்குப் பிரிவு; மறுபுறம் அதே படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் இளைஞர். இந்த முரணுக்கு அரசு கண்ட விடை, 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட 'துலிப்' என்னும் நகர்ப்புற உள்ளகப் பயிற்சித் திட்டம். பயிற்சி நல்லதுதான். ஆனால் நிலையான பணியிடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, அதே வேலையைச் சில மாதப் பயிற்சியாளரிடம் வாங்குவதற்குப் பெயர் வேலைவாய்ப்பு அல்ல, மலிவுக் கூலி. காலியிடத்தை நிரப்புவதற்கான கால அட்டவணை இல்லாத எந்தப் பயிற்சித் திட்டத்தையும் நாம் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பதிவேடும் இணைப்பும். பொருளியலாளர் ழான் த்ரேஸ் 2020இல் முன்வைத்த பரவலாக்கப்பட்ட நகர்ப்புற வேலை, பயிற்சித் திட்டம் இங்கே நினைவுகூரத்தக்கது. பள்ளி, மருத்துவமனை, அருங்காட்சியகம், பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனங்களுக்கு மாநில அரசு வேலைச் சீட்டுகளை வழங்கும். ஒரு சீட்டு ஒரு நாள் வேலை. வேலையை நிறுவனம் ஏற்பாடு செய்யும். கூலியை அரசு நேரடியாகத் தொழிலாளிக்குத் தரும். ஆளை அனுப்புவது தனியான ஓர் இணைப்பு முகமை. இந்த முகமைக்குப் பொருத்தமான இடம் வட்ட அலுவலகமே என்பது என் வாதம். எந்தத் தெருவில் யார் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறார், எந்தப் பள்ளியின் கூரை ஒழுகுகிறது என்னும் இரண்டு செய்திகளும் ஒரே மேசைக்கு வரக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

மூன்றாவது, இடமும் வழியும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் நகர வணிகக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வணிகர்களின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது. சிறு முதலுடன் தொழில் தொடங்கும் இளைஞருக்கு எந்தக் கடன் மேளாவைவிடவும் தேவை, நாளைக் காலை அப்புறப்படுத்தப்பட மாட்டோம் என்ற உறுதி. அதை நகராட்சி தரலாம். அதுபோலவே, மாலைப் பணி முடித்துத் திரும்பும் பெண்ணுக்குத் தெருவிளக்கும் கழிப்பறையும் குழந்தைகள் காப்பகமும் வேலைவாய்ப்புக் கொள்கையின் பகுதிகள்தாம். நம் பாடநூல்கள் அவற்றை வேறு அத்தியாயத்தில் வைத்திருக்கின்றன.

இனி மறுப்புகளுக்கு வருவோம். "கேரளத்தைப் பாருங்கள்" என்பார்கள். 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குத் தர முன்வந்த மாநிலம் அது. ஆயினும் 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில் அங்கே 15 முதல் 29 வயதினரின் வேலையின்மை 29.9 விழுக்காடு, இந்தியச் சராசரி 10.2. இதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அங்கே உள்ளாட்சியின் கண்ணில் இளைஞர் பட்டாரா என்று கேட்க வேண்டும். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் குடும்பத்துக்கு ஒரு பெண்ணே உறுப்பினர். பெரும்பாலும் தாய் உறுப்பினரானார்; படித்த மகளுக்கு இடமிருக்கவில்லை. 18 முதல் 40 வயதுப் பெண்களுக்கான துணைக் குழுக்கள் 2021இல்தான் தொடங்கப்பட்டன. கேரளம் தரும் பாடம், அதிகாரப் பரவல் தோற்றது என்பதன்று. எந்தப் பொருளை உள்ளாட்சியின் பேரேட்டில் எழுதவில்லையோ, அந்தப் பொருளில் அது விளைவு காட்டாது என்பதே.

"பணம் எங்கே?" என்பது அடுத்த மறுப்பு. ஊராட்சிகளின் மொத்த வருவாயில் சொந்த வரி வருவாய் வெறும் 1.1 விழுக்காடு என்று இந்திய ரிசர்வ் வங்கியின் 2024ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. கையைக் கட்டிப்போட்டுவிட்டு நீந்தத் தெரியவில்லை என்று பழிப்பது எந்த அறம்?

மூன்றாவது மறுப்புதான் உண்மையில் கனமானது. உள்ளூர் அதிகாரம் என்பது உள்ளூர் ஆதிக்கச் சாதியின் அதிகாரமாகிவிடும் என்ற அச்சம். அரசமைப்பு அவையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி விடுத்த எச்சரிக்கையை எவரும் இலகுவாகத் தாண்டிச் செல்ல முடியாது. அதனால்தான் ஆளைத் தேர்வதும் வேலை வாங்குவதும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்கிறேன். பதிவு வரிசைப்படி சுழற்சி முறை, இடஒதுக்கீடு, சுவரில் ஒட்டப்படும் பெயர்ப்பட்டியல், கிராம சபையிலும் வட்டக் குழுவிலும் சமூகத் தணிக்கை ஆகியவை சலுகைகளல்ல, முன்நிபந்தனைகள். இவை இல்லாத பரவலாக்கத்தை நானும் எதிர்ப்பேன். ஆனால் சாதி உள்ளூரில் மட்டும் வாழ்கிறது, தலைநகரத்து நேர்காணல் அறைகளில் வாழவில்லை என்ற நம்பிக்கைக்கு எந்தச் சான்றும் இல்லை.

இறுதியாக, ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். நாம் பயன்படுத்தும் தேசியக் கணக்கெடுப்பால் ஒரு தனி நகராட்சியின் இளைஞர் வேலையின்மையைச் சொல்ல முடியாது. எண்ணப்படாதது திட்டமிடப்படாது. ஆகவே அடுத்த ஆய்வேட்டுக்கு இருபது மாநிலங்களின் ஒப்பீட்டை எடுப்பதற்கு முன், நீங்கள் வாழும் ஊரின் வரவு செலவு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒப்புதல் பெற்ற பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, எத்தனை ஆண்டுகளாகக் காலி, அந்த வேலையை இப்போது யார், என்ன கூலிக்குச் செய்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். வரும் விடையை ஆய்விதழுக்கு அனுப்புங்கள்; அதற்கு முன் வட்டக் குழுக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.