ஸ்ட்ராண்ட் தெரு முனை

ஹூஸ்டனிலிருந்து கால்வெஸ்டன் தீவு ஐம்பது மைல். ஜூன் மாதத்தில் ஒரு நாள் லீவு கிடைத்தால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் முதலில் நினைப்பது அந்தக் கடற்கரையைத்தான். புளியோதரையும் தயிர்சாதமும் டப்பாவில் கட்டிக்கொண்டு, பாயைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறும் முன்பே கிளம்பிவிடுவோம். பதினோரு வருடம் நானும் அப்படிப் போய்வந்தேன். தீவின் மறுபக்கத்தில், துறைமுகத்தை ஒட்டி, ஸ்ட்ராண்ட் தெருவும் 22-ஆம் தெருவும் சேரும் ஒரு முனை இருக்கிறது. அந்தப் பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. அங்கே என்ன நடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

என்னைக் கூட்டிப்போனவர் என்னோடு இரவு ட்யூட்டி பார்த்த மூத்த நர்ஸ், கறுப்பினப் பெண்மணி. என்னைவிட இருபது வயது பெரியவர். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் நான் ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். அர்த்தம் சொன்னதும் சிரித்து ஏற்றுக்கொண்டார். வருடம் பூரா யார் கேட்டாலும் ட்யூட்டி மாற்றித் தருபவர், ஜூன் 19-ஐ மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டார். 2015-ல் கேட்டேன்: “அக்கா, அன்றைக்கு அப்படி என்ன விசேஷம்?” “நீயே வந்து பார்” என்றார்.

1865 ஜூன் 19 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், வடக்குப் படையின் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சருக்கு அந்தத் தெருமுனையில்தான் தலைமையகம். டெக்சஸில் உள்ள அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்ற மூன்றாம் எண் ஆணை அன்று வெளியானது. ஜூன் என்பதும் நைன்டீன்த் என்பதும் மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டு ‘ஜூன்டீன்த்’ ஆயிற்று. மறு வருடமே கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். டெக்சஸ் அரசு அதை விடுமுறையாக்கியது 1980-ல். நாடு முழுவதற்கும் விடுமுறையானது 2021-ல்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்த கதை இது: அதிபர் லிங்கன் 1863 ஜனவரி 1-ல் அடிமைகளின் விடுதலையை அறிவித்தார், டெக்சஸ் வெகுதூரம், செய்தி வந்துசேர இரண்டரை வருடம் ஆகிவிட்டது. இந்தக் கதையில் குற்றவாளி என்று யாருமே இல்லை. தூரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடலாம். அதனால்தான் இதை நான் ஏற்பதில்லை.

அப்போது தந்தி இருந்தது, பத்திரிகைகள் இருந்தன. லூசியானாவிலும் மிசிசிப்பியிலும் இருந்த தோட்ட முதலாளிகள், வடக்குப் படை நெருங்க நெருங்க, தங்கள் அடிமைகளைப் பல்லாயிரக்கணக்கில் டெக்சஸுக்கு ஓட்டிவந்தார்கள். படை எட்டாத இடம் என்று கணக்குப் போட்டுத்தான் ஓட்டிவந்தார்கள். அறிவிப்பைப் பற்றித் தெரியாதவர்கள் எதற்காக அப்படி ஊரைக் காலி செய்யவேண்டும்? முதலாளி வீட்டில் காதில் விழுந்ததை வைத்து அடிமைகளிலும் பலருக்கு விஷயம் தெரிந்திருந்தது. 1860 கணக்கெடுப்பில் 1,82,566 ஆக இருந்த டெக்சஸ் அடிமைகளின் எண்ணிக்கை, ஆணை வந்தபோது சுமார் இரண்டரை லட்சம். தெற்குப் படையின் தளபதி லீ 1865 ஏப்ரலிலேயே சரணடைந்துவிட்டார். அதற்குப் பிறகும் இங்கே பருத்திக்காட்டில் வேலை நின்றபாடில்லை. சட்டத்தைச் செயல்படுத்த ஆள் இல்லாததுதான் காரணம். கிரேஞ்சரோடு சுமார் இரண்டாயிரம் சிப்பாய்கள் வந்து இறங்கியபிறகே ஆணைக்குக் கை கால் முளைத்தது. அப்போதும் சில முதலாளிகள் பருத்தி எடுத்து முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.

இதை அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு என் தாத்தா நினைவுதான். மன்னார்குடி பக்கம் ஒரு பண்ணையில் அவர் பண்ணையாள். அவருடைய அப்பாவும் அதே பண்ணையில் பண்ணையாள்தான். சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் கீழத்தஞ்சையில் வெறும் வார்த்தைகள் அல்ல. தாத்தாவின் முதுகை நான் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் அடிமை முறை சட்டப்படி செல்லாது என்று 1843-லேயே எழுதியாகிவிட்டது. அது எங்கள் ஊருக்கு வரவே இல்லை. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் மதகடியில் உட்கார்ந்து அதைத் தாத்தாவுக்கு விளக்கிச் சொன்னார்களாம். பண்ணையில் என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்கில் பண்ணையாள் என்ற பெயரையே எடுத்துவிட்டு, எல்லோரையும் நாள்கூலி என்று எழுதிக்கொண்டார்கள். பண்ணையாளே இல்லாத ஊரில் பண்ணையாளுக்குப் பாதுகாப்பு எதற்கு?

கிரேஞ்சரின் ஆணையும் விடுதலை என்ற சொல்லோடு முடிந்துவிடவில்லை. எஜமானனுக்கும் அடிமைக்கும் இனி முற்றிலும் சம உரிமை, இனி அந்த உறவு முதலாளிக்கும் கூலியாளுக்கும் உள்ள உறவு என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே புத்திமதி: இப்போது இருக்கும் வீட்டிலேயே அமைதியாக இருங்கள், கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் கூடாதீர்கள், சோம்பி இருந்தால் அரசு சோறு போடாது. இருக்கும் வீடு யாருடையது? எஜமானனுடையது. நிற்கும் மண்? அதுவும் அவனுடையதுதான். சுதந்திரம் வந்த மறுநாள் காலை எழுந்து வாசலுக்கு வந்தால், கால் படுவது நேற்று அடித்தவனின் நிலத்தில்.

ஆகவே இந்த விழாவின் வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட இடம் ஹூஸ்டன் நகரின் எமன்சிபேஷன் பூங்கா. ஆணை வந்து ஏழே வருடத்தில், 1872-ல், முன்பு அடிமையாக இருந்த பாதிரியார் ஜாக் யேட்ஸும் இன்னும் சிலரும் முன்னின்று, கூலி வேலை செய்த மக்களிடம் காசு சேர்த்துப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். எதற்காக வாங்கினார்கள்? ஜூன் 19-ஐக் கொண்டாட. தங்களுக்கென்று கூட ஓர் இடம் வேண்டியிருந்தது. பசி தீராத ஒரு கூட்டம், விளைச்சலுக்கு என்று நினைக்காமல், வருடத்தில் ஒரு நாள் நிமிர்ந்து நிற்பதற்கென்று மண் வாங்கியிருக்கிறது. அங்கே போனால் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நிற்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது நினைத்துக்கொள்ளட்டும்.

கொண்டாட்டம் எப்படி இருக்கும் என்று ஊரில் கேட்பார்கள். கால்வெஸ்டனில் நீதிமன்றத்திலிருந்து ரீடி சேப்பல் தேவாலயம்வரை ஊர்வலம், அங்கே ஆணையை வாசிப்பது, பாட்டு, ஜெபம். பிற்பகலில் யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டுவார்கள். அக்காவின் அண்ணன் முதல்நாள் இரவே ஆரம்பித்துவிடுவார், பன்னிரண்டு மணிநேரப் புகையில் வெந்த மாட்டிறைச்சி. சாப்பாட்டு மேசையில் கண்ணில் படுவதெல்லாம் சிவப்பு: ஸ்ட்ராபெரி சோடா, தர்பூசணி, சிவப்பு வெல்வெட் கேக். சிந்திய ரத்தத்துக்கு என்பார்கள் சிலர். மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பருத்திப் பானத்திலிருந்து வந்த வழக்கம் என்பார்கள் வேறு சிலர். அக்காவிடம் எது சரி என்றேன். “எங்க அம்மா வைத்தார், நான் வைக்கிறேன்” என்றார். நம் வீட்டில் படையல் போடும்போது ஏன் என்று கேட்டால் இதே பதில்தானே வரும்!

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். நான் குடியிருப்பது ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில். தமிழர்கள் நிறைய இருக்கும் ஊர். பெயரிலேயே சர்க்கரை இருந்தும், வீடு வாங்கும்போது நான் பார்த்தது பள்ளிக்கூடத்தின் தரத்தை மட்டும்தான். 2018 பிப்ரவரியில் இங்கே ஒரு தொழிற்கல்விக் கட்டடத்துக்கு மண்ணைத் தோண்டியபோது எலும்பு வந்தது. ஒன்று இரண்டு என்று எண்ணி, கடைசியில் 95 பேர். அத்தனை பேரும் கறுப்பின மக்கள் என்றார்கள் ஆய்வாளர்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள், அதில் பதினான்கு வயதுப் பையனும் உண்டு.

இவர்கள் செத்தது அடிமை முறை ஒழிந்தபிறகு. 1865 டிசம்பரில் வந்த 13-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது, ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர என்று ஒரு சந்து திறந்துவைத்தது. அந்தச் சந்து வழியே ஒரு தொழிலே உள்ளே வந்தது. வேலையில்லாமல் திரிந்தான் என்று ஒருவனைப் பிடி, சிறையில் போடு, கைதியாகத் தோட்டத்துக்குக் குத்தகைக்கு விடு. 1878-ல் கன்னிங்ஹாம், எல்லிஸ் என்ற இரண்டு கரும்பு முதலாளிகள் டெக்சஸ் சிறைக்கைதிகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். விலைகொடுத்து வாங்கிய அடிமை செத்தால் எஜமானனுக்கு நஷ்டம். குத்தகைக் கைதி செத்தால் இன்னொருவன் வருவான். அங்கே புதைகுழிகள் இருக்கும் என்று முன்னாள் சிறைக் காவலர் ரெஜினால்ட் மூர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மண் வாய்திறந்த பிறகுதான் அவர் சொல் எடுபட்டது. 2020-ல் அவர் இறந்துபோனார்.

அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நான் மளிகைக்குப் போகவேண்டும். அடிமைகள் விடுதலையானபின் கரும்புத் தோட்டங்களுக்கு மாற்று ஆள் தேவைப்பட்டபோது மொரீஷியஸுக்குக் கப்பலேறியவர்கள் நம் ஜனங்கள். என் தாத்தாவின் ஊரிலிருந்தும் யாராவது போயிருக்கலாம். கரும்புக்கு நமக்குத் தெரிந்த சுவை ஒன்றுதான். அதை வெட்டியவர்கள் அறிந்தது வேறு.

எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருமுறை இதைப் பற்றி எழுதினேன். “அது அவங்க சமாச்சாரம்ங்க, நாம நேத்து வந்தவங்க” என்று ஒருவர் பதில் போட்டார். நல்ல மனிதர், என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 1965 அக்டோபர்வரை இந்தியர்களுக்கு இந்த நாட்டுக் கதவு திறந்தது ஊசிக்கண் அளவுதான். அந்த வருடம் வந்த குடியேற்றச் சட்டம்தான் அதை அகலத் திறந்தது. 1964-ல் குடிமை உரிமைச் சட்டம், 1965-ல் வாக்குரிமைச் சட்டம், அதே வேகத்தில் இதுவும். அந்த வேகத்தைக் கொடுத்தவர்கள் தெற்கு மாநிலங்களின் தெருக்களில் போலீஸ் நாய்களுக்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் முன்னால் நின்ற கறுப்பின மக்கள். பியர்லாண்டில் மீனாட்சி அம்மனுக்கு நாம் கோபுரம் எழுப்பியதும், நான் நர்ஸ் வேலைக்கு வந்து இறங்கியதும் அந்தக் கதவு வழியாகத்தான். நேற்று வந்தவர்கள்தான், சரி. வந்த வழியை வெட்டியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் அதில் நடக்கலாமா?

விடுமுறையானதும் வியாபாரமும் வந்துவிட்டது. ஒரு பெரிய கடைச் சங்கிலி ஜூன்டீன்த் பெயரில் ஐஸ்கிரீம் போட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டது. அக்காவுக்கு அதில் கோபம். எனக்கு அதைவிட வருத்தம், லீவு மட்டும் வாங்கிக்கொண்டு பெயரைக்கூட உச்சரிக்காத வீடுகள்தான்.

ஃபோர்ட் வொர்த் நகரத்து ஓப்பல் லீயைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1939-ல் அவருடைய பெற்றோர் வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்கிக் குடிபோனார்கள். சில நாளிலேயே ஒரு கும்பல் வந்து அந்த வீட்டைச் சூறையாடித் தீ வைத்தது. அன்று தேதி ஜூன் 19. ஓப்பலுக்குப் பன்னிரண்டு வயது. ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வுபெற்று, 2016-ல் 89 வயதில், இந்த நாளை நாட்டின் விடுமுறையாக்க வேண்டும் என்று வாஷிங்டன் நோக்கி நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஊரிலும் இரண்டரை மைல், தாமதமான இரண்டரை வருடத்துக்காக. 2021-ல் சட்டம் கையெழுத்தானபோது வெள்ளை மாளிகையில் இருந்தார். பிறகு, எரிந்த வீடு இருந்த அதே மனையைத் தேடிப் போனார். அதை வைத்திருந்த தொண்டு நிறுவனம் பத்து டாலருக்கு எழுதிக்கொடுத்தது. 2024 ஜூனில், 97 வயதில், அங்கே கட்டிய புது வீட்டின் சாவியை வாங்கினார்.

அந்தச் செய்தியை நானும் அக்காவும் டீ இடைவேளையில் செல்போனில் சேர்ந்து பார்த்தோம். எங்கள் வீட்டுக் கதையை அப்போதுதான் அவரிடம் முழுசாகச் சொன்னேன். 1952 சட்டம் தாத்தாவுக்கு ஒன்றும் தரவில்லை. ஏதாவது வாய்பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்வார்கள். குடிசை நின்றது பண்ணை மண்ணில். 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்து, அதன்பிறகும் சங்கம் நடையாய் நடந்து, குடிசை நின்ற அந்தத் துண்டு மண்ணுக்குத் தாத்தா பெயரில் பட்டா வந்தது. அன்றைக்குப் பாட்டி நெல்லுச்சோறும் கோழிக்குழம்பும் ஆக்கித் தெருவுக்கே போட்டாராம். மறுநாள் பண்ணைக் காரியக்காரர் கூப்பிட்டபோது தாத்தா துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லையாம்.

“அது என்ன தேதி?” என்று கேட்டார் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. அன்று இரவே அப்பாவுக்குப் போன் போட்டேன். நடவு முடிந்த சமயம் என்றார், அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். பிறகு பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லி, மஞ்சள் பையைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பட்டாவில் இருந்த தேதியை ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். சமையலறைக் காலண்டரில் அதைச் சிவப்பு மையில் எழுதிவைத்தேன். இந்த வருடம் அந்த நாளில் ட்யூட்டி மாற்றித் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.