கம்பம் நட்டவன் கதை எங்கே?

வில்லியம் ஃபோர்ஸ்ட்சென் 2009இல் எழுதிய ‘ஒன் செகண்ட் ஆஃப்டர்’ நாவலில் அமெரிக்கா முழுக்க ஒரே நொடியில் கரன்ட் போய்விடுகிறது. வட கரோலினாவில் ஒரு சிற்றூரை ஓய்வுபெற்ற ராணுவ கர்னல் ஒருவர் வழிநடத்துகிறார். கல்லூரி மாணவர்கள் கையில் துப்பாக்கி. எதிரே மனிதக்கறி தின்னும் கும்பல். இந்த வகை ராணுவ அறிபுனைகளின் சூத்திரமே இதுதான்: கரன்ட் போனால் நாகரிகம் போகும், அப்புறம் சிப்பாய்தான் கதி.

சுத்தப் பொய். சந்தேகமிருந்தால் புதுக்கோட்டைக்காரரைக் கேளுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டையையும் புரட்டிப் போட்டது. டெல்டா மாவட்டங்களையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு விழுந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணி இருக்கு. ஏற்ற மோட்டார் ஓடாது.

நாவல் கணக்குப்படி மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுக்காரன் அரிவாளோடு வந்திருக்கணும். வந்தானா? ஊரார் காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். விழுந்த மரங்களை அறுத்துப் பாதை திறந்தார்கள். பொதுவில் உலை வைத்தார்கள்.

‘கொத்தமங்கலத்தில் அரசு வண்டிகளைக் கொளுத்தினார்களே?’ என்பீர்கள். ஆமாம், கொளுத்தினார்கள். அது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் எரிந்தது அண்டை வீடல்ல, அரசாங்க வண்டி. ‘நிவாரணம் எங்கே, ஏன் யாரும் எட்டிப் பார்க்கல?’ என்ற மறியலில் மூண்ட கோபம் அது. அரசே இல்லையென்று நினைப்பவன் எதற்கய்யா மறியல் பண்ணுவான்? அதற்குக் கிடைத்த பதில் கைது.

இந்த நாவல்களின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பசித்தவனைக் கும்பலாகப் பார்க்கப் பழக்குகின்றன. 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தின்போது கொள்ளையரைச் சுட்டுக் கொல்லலாம் என்று மேயர் அறிவித்தார், சிப்பாய்கள் சுட்டார்கள். அதே ஊரில் தெருவிலேயே அடுப்பு மூட்டி ஒருவருக்கொருவர் சோறு போட்ட சாதாரண ஜனங்களைப் பற்றி ரெபெக்கா சோல்னிட் எழுதிய புத்தகமும் 2009இல்தான் வந்தது.

ஃபோர்ஸ்ட்செனின் கதையிலேயே கர்னலின் மகள் குண்டடி பட்டுச் சாகவில்லை. இன்சுலின் இல்லாமல் சாகிறாள். அப்பாவின் துப்பாக்கி அவளுக்கு எதற்கு உதவியது? குளிர்பெட்டியும் மருந்து வண்டியும் கரன்டும் அல்லவா அவளுக்கு வேண்டியிருந்தது!

புதுக்கோட்டையின் இருட்டை விரட்டியவர்கள் லைன்மேன்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளா, ஆந்திராவிலிருந்தும் வந்து, முழங்கால் சேற்றில் இறங்கி, கம்பத்தைத் தோளில் தூக்கிப்போய் நட்டார்கள். தமிழில் பேரழிவு நாவல் எழுதத் துடிக்கும் தம்பிகளே, இறக்குமதிக் கர்னலை விடுங்கள். நாயகன் கையில் கட்டிங் பிளேயரைக் கொடுங்கள்.