அத்துமீறியது யார்?

கௌபாய் படங்களில் பெண்ணுக்கு இரண்டே வேலை: மதுக்கடையில் ஆடுவது, வாசலில் நின்று கணவனுக்காகக் காத்திருப்பது. மலை, குதிரை, தங்கம் எல்லாம் ஆணுக்கு. அந்தக் கதையை ரசித்து வளர்ந்தவள்தான் நானும். மேரி டான், கேரி டான் சகோதரிகளைப் பற்றிப் படித்த பிறகு என்னால் அதை ரசிக்க முடியவில்லை.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மழை அரிதான மலைநாட்டில், மாடும் குதிரையும் வளர்த்தவர்கள் இவர்கள். மேற்கு ஷோஷோனி பழங்குடியினர். அனுமதியின்றி அரசு நிலத்தில் மேய்க்கிறார்கள், இது அத்துமீறல் என்று 1974இல் அரசு வழக்குப் போட்டது. இது எப்போது உங்கள் நிலமானது என்று இவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 1863ஆம் ஆண்டு ரூபி பள்ளத்தாக்கு ஒப்பந்தத்தில் ஷோஷோனி மக்கள் பாதைக்கும் சுரங்கத்துக்கும் இசைந்தார்களே தவிர, நிலத்தை எழுதிக்கொடுக்கவில்லை.

அரசு என்ன செய்தது? நிலத்துக்கு விலையாக 2 கோடியே 60 லட்சம் டாலரை, பழங்குடியினரின் காப்பாளர் என்ற பெயரில், தன் கருவூலத்திலேயே போட்டுக்கொண்டது. ஷோஷோனி மக்கள் அதைத் தொடவில்லை. ஆனாலும் பணம் கொடுத்தாகிவிட்டது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நகையை விற்றுத் தன் கணக்கில் போட்டுக்கொண்டு, “உனக்காகத்தானே வைத்திருக்கிறேன்” என்று சொல்லும் கணவனை நமக்குத் தெரியாதா?

மேய்ச்சல் அதிகமானால் நிலம் கெடும் என்கிறார்கள். கெடும்தான். ஆனால் அதே பொதுநிலத்தில் தங்கம் தோண்டுபவர் மத்திய அரசுக்கு ஒரு காசுகூட உரிமத்தொகை தர வேண்டாம் என்கிறது 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம். அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஷோஷோனி மக்கள் புனிதமாகக் கருதும் டெனாபோ மலையைக் குடைகிறார்கள். குழியில் நீர் ஊறாமலிருக்க நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். இதற்குப் பெயர் வளர்ச்சி. இரண்டு முதிய பெண்களின் மாடுகள் புல் மேய்ந்தால் அத்துமீறல். 2002இல் ஆயுதத்தோடு வந்து இருநூறுக்கும் மேற்பட்ட மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை ஆணையம் அதே ஆண்டில் இது உரிமை மீறல் என்றது. அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேரி 2005இல் இறந்தார், கேரி 2021இல்.

சுரங்க லாரி ஓட்டும் பெண்ணின் படத்தைக் காட்டி, “பாருங்கள், சமத்துவம்” என்கிறார்கள். அவளுடைய கூலியை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்த லாரி யாருடைய மலையை ஏற்றிச் செல்கிறது என்று கேட்காத பெண்ணியம் எனக்கு வேண்டாம்.