வீடும் நாமும்: கறையான் தின்ற கடதாசிகள்



ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் மாத்தளைப் பக்கத்தில் மனிதர்கள் மட்டுமல்ல, பூச்சிகளும் வீட்டுக்குள் ஒதுங்க வந்துவிடும். எறும்பு, கரப்பான், கறையான், நுளம்பு என்று ஒவ்வொன்றாக வரும். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் கணவர் 2009இல் வன்னியில் காணாமல் போனவர். முகாமில் இருந்துவிட்டு 2012இல் பிள்ளைகளோடு மாத்தளைக்கு வந்து, அக்காவின் லயத்தில் ஒரு அறையில் குடியிருந்தேன். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அவர் கைப்பட எழுதிய ஒரு கடிதம் எல்லாவற்றையும் ஒரு மட்டைப் பெட்டியில் போட்டு, சுவரோரமாக நிலத்தில் வைத்திருந்தேன். 2017இல் ஒருநாள் திறந்து பார்த்தால் பாதி மண்ணாக இருந்தது. கறையான்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் பயிருக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சம் சோடாப் போத்தலில் வாங்கிவந்து சுவரோரம் ஊற்றினேன். மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். மறுநாள் அக்காவின் மூன்று வயதுப் பேரன் அதை எடுத்து வாயில் வைத்துவிட்டான். கசந்ததால் துப்பிவிட்டான். அதனால்தான் தப்பினான். நான்கு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அக்கா என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

சகோதரிகளே, வயலுக்கு அடிக்கும் மருந்து வயலுக்குத்தான். அதை வீட்டுக்குள் தெளிக்கவே கூடாது. எந்த மருந்தையும் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்கக் கூடாது. யாராவது தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மேலில் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்படியானால் பூச்சிகளை என்ன செய்வது? அதற்கான பாடத்தை நான் ஏற்கெனவே படித்திருந்தேன், மறந்துதான் போனேன். இரண்டு வருடம் ரியாத் நகரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். சுற்றிலும் பாலைவனம். கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டும். இந்தச் சூட்டில் பூச்சி ஏது என்று நினைத்தேன். ஆனால் இரவானால் குளியலறைக் காண் வழியாகப் பெரிய பெரிய கரப்பான்கள் ஏறி வந்தன. அவை தேடி வந்தது தண்ணீரை. அங்கே சமைத்த வயதான அம்மா தினமும் படுக்கும் முன் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துணியால் ஈரம் போகத் துடைப்பார். தண்ணீர் போகும் துவாரங்களை மூடுவார். குப்பையை வெளியே வைப்பார். சில வாரங்களில் கரப்பான் குறைந்துவிட்டது.

தண்ணீர், தீனி, ஒளிய இடம் ஆகிய மூன்றும் கிடைக்கும் இடத்துக்குத்தான் பூச்சி வரும். பாலைவனத்திலும் அப்படித்தான், மாத்தளையிலும் அப்படித்தான்.

கறையானுக்கு ஈரம் வேண்டும். சுவரில் மண் கோடுபோல் ஏறுவது அது வரும் பாதை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கூரை ஒழுக்கையும் சுவர் ஈரத்தையும் சரிசெய்யுங்கள். விறகு, பலகை, மட்டைப் பெட்டி எதையும் சுவரோடு ஒட்டி நிலத்தில் வைக்காதீர்கள்.

கரப்பானைக் கண்டால் சவர்க்காரத் தண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள். அது மூச்சு விடும் துவாரங்கள் அடைபட்டுச் செத்துவிடும்.

அரிசி வண்டு அரிசி மணிக்குள்ளேயே முட்டை இடும். மேலே தெரியும் வண்டைப் புடைத்து எடுத்தால் மட்டும் போதாது. வெயிலில் பரப்பிக் காயவைத்து, ஆறிய பின் இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் போடுங்கள். காய்ந்த வேப்பிலையோ செத்தல் மிளகாயோ போட்டு வைப்பது நம் அம்மாமார் செய்த வழி.

மூட்டைப்பூச்சி பல மாதங்கள் இரத்தம் குடிக்காமலே உயிரோடு இருக்கும். துணிகளைக் கொதிநீரில் ஊறவையுங்கள். கட்டில் இடுக்குகளிலும் கொதிநீர் ஊற்றுங்கள். விஷப் புகை போடும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். 2025 பெப்ரவரியில் கொழும்பில், மூட்டைப்பூச்சிக்குப் புகை போடப்பட்ட ஒரு விடுதியில் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டு இளம் பெண்கள் இறந்துபோனார்கள்.

நுளம்பை மறக்கக் கூடாது. 2016இல் நம் நாடு மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அடுத்த வருடமே டெங்கு 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பிடித்தது. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒருமுறை பீப்பாயையும் வாளியையும் உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர் எதையும் மழையில் விடாதீர்கள்.

கடைசியாக, கடதாசிகள். 2018இல் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் வேலையைத் தொடங்கியபோது, ஒவ்வொரு கடதாசிக்கும் நான் மறுபடி அலைந்தேன். பிறப்பு, விவாக, இறப்புப் பத்திரங்களின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். அவர் எழுதிய கடிதத்துக்கு மட்டும் எங்கும் பிரதி இல்லை.

உங்களிடம் இருப்பவற்றை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்து, ஒரு கட்டை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். மூலப் பத்திரங்களைப் பொலித்தீன் உறையில் இட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, சுவரில் முட்டாதபடி உயரமான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அக்காவின் பேரன் இப்போது பாடசாலை போகிறான். எங்கள் வீட்டில் மருந்துப் போத்தல் இல்லை. தொட்டியைத் துடைத்துவிட்டுத்தான் நான் படுக்கப் போகிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.