800 பேர் கல்யாணம் 12 லட்சம். 120 பேர் கல்யாணமும் 12 லட்சமா?

ஆவணி முகூர்த்தம் நெருங்குது. தில்லை நகர்ல எங்க ஆபீஸுக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்ற பசங்க, பொண்ணுங்கள்ல நிறையப் பேர் வேலை முடிஞ்சதும் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: "சார், கல்யாணத்தைச் சின்னதா வச்சுக்கலாம்னு இருக்கோம். எவ்வளவு மிச்சமாகும்?"

சின்னதா வச்சா மட்டும் ஒண்ணும் மிச்சமாகாது. ஏன்னு ஒரு கணக்கோட சொல்றேன். தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க.

800 பேர் கல்யாணம்னு வைங்க. ராத்திரி வரவேற்பு, காலை டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,800 இலை, இலைக்கு 250 ரூபாய்னா நாலரை லட்சம். மண்டபம் ஜிஎஸ்டியோட 2 லட்சம். பத்திரிகை, தாம்பூலப் பை 1 லட்சம். போட்டோ, வீடியோ ஒன்றரை. மேடை 1 லட்சம். துணிமணி ஒன்றரை. நாதஸ்வரம், புரோகிதர், வேன் அது இதுன்னு 50 ஆயிரம். நகையைச் சேர்க்காம மொத்தம் 12 லட்சம்.

இப்போ 120 பேர். இலை 300, அதாவது 75 ஆயிரம். சின்ன மண்டபம் 75 ஆயிரம். பையும் பத்திரிகையும் 15 ஆயிரம். மத்த நாலரை லட்சம்? அது அப்படியே நிக்குது. போட்டோகிராஃபர் ஆள் கணக்கு பார்த்துச் சம்பளம் வாங்குறதில்லை, பட்டுப்புடவைக்கும் கூட்டம் எவ்வளவுன்னு தெரியாது. மொத்தம் 6 லட்சத்து 15 ஆயிரம். கூட்டம் 85 சதவீதம் குறைஞ்சிருக்கு, செலவு பாதிதான் குறைஞ்சிருக்கு.

இதோட நிறுத்தினா நல்லது. ஆனா நிறுத்துறதில்லை. "120 பேருக்குத்தானே, கொஞ்சம் நல்லா பண்ணிடலாம்"னு ஒரு வார்த்தை வரும் பாருங்க, அதுதான் ஆபத்து. இலை 250-ல இருந்து 600 ஆகும். மண்டபம் ரிசார்ட் ஆகும், இரண்டரை லட்சம். ட்ரோன், ப்ரீ வெட்டிங் ஷூட்டுன்னு போட்டோ இரண்டரை. வெளிநாட்டுப் பூ வச்ச மேடை இரண்டரை. துணி 2 லட்சம், பை 20 ஆயிரம், மத்தது 50 ஆயிரம். கூட்டிப் பாருங்க, மறுபடியும் 12 லட்சம். 680 பேரோட மனஸ்தாபத்தைச் சம்பாதிச்சு, ஒரு ரூபாய்கூட மிச்சம் பண்ணலை.

அதனால ஆள் எண்ணிக்கையைக் குறைக்கிறது ஒரு முடிவு, ஆள் எண்ணிக்கையோட சம்பந்தமில்லாத செலவைக் குறைக்கிறது வேற முடிவு. இரண்டையும் தனித்தனியா எடுக்கணும்.

என்னைக் கேட்டா, காசு போக வேண்டிய முதல் இடம் இலைதான். நல்ல சமையல் மாஸ்டர், மணச்சநல்லூர் பொன்னி, பந்தியில ஓடியாடிக் கவனிக்க ரெண்டு ஆள் கூடுதலா. அடுத்தது வயசானவங்க. பாட்டி தாத்தாவுக்கு ஏசி வண்டி, மண்டபத்துக்குப் பக்கத்துலயே ரூம். நாதஸ்வரமும் தவிலும் நேர்ல இருக்கட்டும், ஸ்பீக்கர்ல வேண்டாம் (இது கணக்கு இல்லை, என் ஆசை). போட்டோவுக்கு ஒரே ஒரு நல்ல ஆள், அச்சடிச்ச ஒரு ஆல்பம் போதும். பூவுக்கு ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட் இருக்கு. அதுவும் பெரிய முகூர்த்த நாள்ல விலை எங்கேயோ நிக்கும், கொஞ்சம் கூட்டமில்லாத தேதியா எடுத்தா பூ, மண்டபம் ரெண்டுலயும் பேரம் பேச இடம் இருக்கு. ரிட்டர்ன் கிஃப்ட், பேர் எழுதின பலூன் வளைவு, ஷூட்டுக்காக ஊட்டிப் பயணம் எல்லாத்தையும் அடிச்சுடுவேன்.

நகையைப் பத்தி ரெண்டு வரி. 12 சதவீதம் சேதாரம்னா, 10 பவுன் வாங்கினா ஒண்ணே கால் பவுனுக்குக் கிட்ட உங்க கைக்கு வராத தங்கம். மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி. விற்கப் போகும்போது இந்த ரெண்டையும் யாரும் திருப்பித் தர மாட்டாங்க. போட்டுக்கிறதுக்கு வாங்குங்க, தப்பில்லை. ஆனா லாக்கர்ல தூங்கப் போற ஆரத்தை "முதலீடு"ன்னு சொல்லி என்.எஸ்.பி. ரோட்டுல வாங்காதீங்க.

இப்போ நிஜமான சிக்கலுக்கு வர்றேன்.

2020 மே மாசம் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கா? அப்போ "என்னை ஏன் கூப்பிடலை"ன்னு யாரும் பெருசா கோவிச்சுக்கலை. லிஸ்ட்டை வெட்டினது அரசாங்கம். இப்போ வெட்டப் போறது நீங்க. பதில் சொல்லப் போறது உங்க அப்பா.

அப்பா 500 பேர் லிஸ்ட் கொடுத்தா "ஊருக்குக் காட்டணும்னு நினைக்கிறார்"னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. வீட்டு அலமாரியைத் திறந்து பழைய மொய் நோட்டைப் பாருங்க. பெல்லில் 30 வருஷம் வேலை பார்த்தவர், கூட வேலை பார்த்த ஒவ்வொருத்தர் வீட்டு விசேஷத்துக்கும் போய் 101, 501, 1,001னு எழுதியிருப்பார். கணக்குப் பாஷையில சொன்னா அது அவருக்கு வர வேண்டிய பாக்கி. உங்க கல்யாணம்தான் வசூல் நாள். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் இதுக்காகவே மொய் விருந்து வைக்கிறாங்க, வட்டியில்லாத சீட்டு மாதிரி. நீங்க 120 பேர்னு கோடு போட்டா, அவரோட பாக்கியில பெரும் பகுதியை உங்க கையாலயே வாராக்கடனா எழுதித் தள்ளுறீங்க. அதைச் செய்யலாம், ஆனா தெரிஞ்சு செய்யுங்க. அவர்கிட்ட அதை வாய் விட்டுச் சொல்லுங்க.

மொய்க்கு இன்னொரு பக்கமும் இருக்கு. வந்த மொய்யை நீங்க வீட்டுக்கு முன்பணமா கட்டிடுவீங்க. நாளைக்கு அந்த 500 வீட்டு விசேஷத்துக்கும் பென்ஷன்ல இருந்து திருப்பி எழுதப் போறது யாரு? மொய் வருமானம் இல்லைங்க, பாதிக்கு மேல கடன். பணத்தை யார் எடுத்துக்கிறாங்களோ, நோட்டும் அவங்க கைக்குத்தான் போகணும்.

இதுக்கு நான் சொல்ற வழி பலருக்குப் பிடிக்காது. தாலி கட்டுறது 120 பேரோட நடக்கட்டும். அப்பா, அம்மா லிஸ்ட்டுக்கு வேற ஒரு நாள் சொந்த ஊர்லயோ, சின்ன மண்டபத்துலயோ ஒரு வேளை மதியச் சாப்பாடு. மேடை அலங்காரம், வீடியோ எதுவும் வேண்டாம். 400 இலை, 250 ரூபாய்னா ஒரு லட்சம், இடத்துக்கு ஒரு 40 ஆயிரம். அந்த 6 லட்சத்து 15 ஆயிரத்தோட சேர்த்தாலும் 7 லட்சத்து 55 ஆயிரம்தான். "அப்போ இது சின்னக் கல்யாணமே இல்லையே"ன்னு கேட்கலாம். பரவாயில்லை, இன்ஸ்டாவுல போடுறதுக்காகவா பண்றோம்?

வரி விஷயம். கல்யாணத்துக்கு மணமக்களுக்கு வர்ற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது, தொகைக்கு வரம்பும் கிடையாது. ஆனா அந்தச் சலுகை மணமக்களுக்கு மட்டும்தான். அப்பா, அம்மா பேர்ல நண்பர்கள் கொடுத்தது ஒரு வருஷத்துல மொத்தம் 50,000-ஐத் தாண்டினா அது அவங்க வருமானமாகிடும். அதனால மொய் ரொக்கத்தை பேங்க்ல போட்டா, நோட்டைப் பத்திரமா வைங்க, கேள்வி வந்தா அதுதான் ஆதாரம். அதே மாதிரி ஒரு நிகழ்ச்சிக்கு ஒருத்தர்கிட்ட இருந்து 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுங்கிற விதி 2017 ஏப்ரல்ல இருந்து இருக்கு. பிரிச்சுப் பிரிச்சு வாங்கினாலும் கணக்கு ஒண்ணுதான். அபராதம் வாங்கினவருக்குத்தான். இருந்தாலும் பில் போட்டு, அக்கவுன்ட் வழியாவே கொடுங்க.

பெர்சனல் லோன்? 14 சதவீதத்துல 5 லட்சம், 5 வருஷம்னா மாசம் 11,600 ரூபாய் சொச்சம், வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2 லட்சம். முதல் குழந்தை எல்கேஜி போற வரைக்கும் மேடைப் பூவுக்கு இஎம்ஐ கட்டிட்டு இருப்பீங்க.

சட்டம் என்னவோ ரொம்பச் சிக்கனமாத்தான் கேட்குது. 1967-ல அண்ணா ஆட்சியில இந்து திருமணச் சட்டத்துல சேர்த்த 7ஏ பிரிவுப்படி, உறவினரோ நண்பரோ முன்னிலையில மாலை மாத்திக்கிட்டாலே, இல்ல மோதிரம் போட்டாலே கல்யாணம் செல்லும். அதுக்கு ஊரைக் கூட்டி அறிவிக்கணும்னு அவசியமில்லைன்னு 2023-ல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. ஆனா தமிழ்நாட்டுல 90 நாளுக்குள்ள சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணியே ஆகணும். பத்திரிகை ஒரு காப்பியைப் பத்திரமா எடுத்து வைங்க, அங்கே கேட்பாங்க. அந்த வாரமே ஹெச்.ஆர்.கிட்ட சொல்லி குரூப் இன்சூரன்ஸ்ல துணையைச் சேருங்க, அதுக்குக் கெடு நாள் இருக்கும். பிஎஃப் நாமினேஷனையும் புதுசா போடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேரையோ தம்பி பேரையோ போட்டது, தாலி கட்டின அன்னைக்கே செல்லாததாகிடுது.