பட்டத்தின் விலையும் கடனின் கணக்கும்

இங்கிலாந்தில் உயர்தர வகுப்பை முடிக்கும் பிள்ளை வணிகப் பொருளியல் படிக்கப் போவதாகச் சொன்னதும், அங்கு குடியேறிய நம்மவர் வீடுகளில் இரண்டு பேச்சுக்கள் எழுகின்றன. ஐம்பதாயிரம் பவுணுக்கு மேல் கடனாகிவிடுமே என்ற அச்சம் ஒன்று. பொருளியல் என்றால் வங்கியிலே பெரிய சம்பளம் நிச்சயம் என்ற நம்பிக்கை மற்றையது. இவ்விரண்டும் அரைகுறைக் கணக்குகள் என்பதே எனது கருத்து.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுணாக அறிமுகமான கல்விக் கட்டணம் 2006இல் 3,000 ஆகவும், 2012இல் 9,000 ஆகவும் உயர்ந்தது. 2025/26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 9,535 பவுண். மூன்றாண்டுக் கட்டணத்துடன் வாழ்க்கைச் செலவுக்கான கடனையும் சேர்த்தால், பலருக்கு அது ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடுகின்றது.

ஆனால், கடன் என்றதும் நமது மனக்கண்ணில் தோன்றுவது காணி உறுதியை வங்கியில் ஈடு வைத்த கடன், அல்லது அடகுக் கடையில் கிடக்கும் தாலிக்கொடி. தவணை தவறினால் வீடு போகும், நகை போகும். இங்கிலாந்தின் மாணவர் கடன் அவ்வகையைச் சேர்ந்ததன்று. 2023 ஆகஸ்ட் மாதத்துக்குப் பின்னர் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு, ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டும்போது, தாண்டிய தொகையில் 9 சதவீதம் அறவிடப்படும் என்பது விதி. 35,000 பவுண் உழைப்பவர் ஆண்டுக்கு 900 பவுண், அதாவது மாதம் 75 பவுண், செலுத்துவார். வேலை இழந்தால் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. சில்லறை விலைவாசி உயர்வுக்கு ஈடான வட்டி மாத்திரமே சேரும். நாற்பது ஆண்டுகளின் பின் எஞ்சியது தள்ளுபடியாகும். ஆகவே, இதனைக் கடன் என்பதைவிட உழைப்பின்மீது விழும் மேலதிக வரி என்று கொள்வதே பொருத்தம். எனினும் முன்னர் முப்பது ஆண்டுகளாக இருந்த காலத்தை நாற்பதாக நீட்டியிருப்பது சிறிய சுமையன்று. இருபத்தோரு வயதில் பட்டம் பெறுபவர் அறுபதைக் கடந்த பின்னரும் செலுத்திக்கொண்டிருக்கக்கூடும்.

இனி நம்பிக்கையின் பக்கத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் நிதிக் கற்கைகள் நிறுவனம் 2020 பெப்ரவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, வரியும் கடனும் கழித்த பின், பட்டப்படிப்பால் வாழ்நாளில் கிடைக்கும் மேலதிகப் பயன் சராசரியாக ஆண்களுக்கு ஏறத்தாழ 130,000 பவுண், பெண்களுக்கு 100,000 பவுண். பொருளியல் படித்த ஆண்களுக்கோ அது ஐந்து இலட்சத்துக்கும் மேல். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கின்றது. பட்டதாரிகளில் ஐவரில் ஒருவர், பல்கலைக்கழகம் போகாதிருந்தால் பண அளவில் நன்றாக இருந்திருப்பார். சராசரியைக் காட்டிப் பெருமைப்படுவோர் இந்த ஐந்தாமவரை மறந்துவிடுகின்றனர்.

வணிகப் பொருளியல் என்ற பெயரில்தான் சிக்கல் இருக்கின்றது. சில இடங்களில் அது கணிதமும் புள்ளிவிபரவியலும் நிறைந்த பொருளியல். வேறு சில இடங்களில் முகாமைத்துவப் பாடங்களுக்குச் சூட்டிய அழகிய பெயர். பட்டத்தின் பெயர் ஒன்றாயினும் வேலைச் சந்தையில் மதிப்பு ஒன்றல்ல. அனுமதிக்கு உயர்தரக் கணிதம் கேட்கின்றார்களா, படிப்பின் நடுவில் ஓராண்டு வேலைப் பயிற்சி உண்டா, அப்பல்கலைக்கழகத்தில் அதே பட்டம் பெற்றோர் ஐந்து ஆண்டுகளின் பின் எவ்வளவு உழைக்கின்றனர் என்பவற்றையே பெற்றோர் விசாரிக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான விடையை 'டிஸ்கவர் யூனி' என்னும் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் பாடநெறிவாரியாகப் பார்க்கலாம். அத்துடன், கட்டணமின்றிச் சம்பளத்துடன் கணக்கியல் முதலான துறைகளில் தொழில் பழகியவாறே தகைமை பெறும் வழியும் அங்கே உண்டு. அதனையும் தராசின் மறுதட்டில் வைத்துப் பார்க்காமல் போடும் கணக்கு முழுமையாகாது.

மேற்சொன்ன பாதுகாப்பு எதுவும் இலங்கையிலிருந்து மாணவர் விசாவில் செல்லும் பிள்ளைக்கு இல்லை. அந்தக் கடன் அவருக்குக் கிடையாது. உள்ளூர் வங்கியில் வீட்டை ஈடு வைத்துத் தந்தை பெறும் கடனே அவருக்குத் துணை. அதன் ஆபத்தை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயினும் இவற்றைத் தடுக்க முடியுமா?

உள்நாட்டிலும் நிலைமை சிந்திக்கத்தக்கது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயனாக அரச பல்கலைக்கழகங்களில் இன்றும் கட்டணமின்றி இப்பாடத்தைக் கற்கலாம். ஆனால் உயர்தரத்தில் சித்தியடைந்தோர் அனைவருக்கும் அங்கு இடமில்லை. இடம் கிடைக்காதோர் தனியார் நிறுவனங்களில் பட்டம் பெறுவதற்கென 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் உச்சத் தொகை எட்டு இலட்சம் ரூபா. நல்ல திட்டம்தான். ஆயினும் படிப்பு முடிந்தபின் வரும் தவணை, வேலை கிடைத்ததா, என்ன சம்பளம் என்று கேட்பதில்லை. வட்டியை நீக்கிய அரசு, வேலையின்மை என்னும் ஆபத்தை இளைஞர் தலையிலேயே விட்டுவைத்திருக்கின்றது. குறித்த வருமானத்தைத் தொடும்வரை தவணை இல்லை என்ற ஒரு விதியைச் சேர்ப்பது வட்டியைத் தள்ளுவதைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.

கல்விக்காகக் கடன்படுவது பாவமன்று. நட்டம் வந்தால் அதைச் சுமப்பவர் யார் என்பதே முதற் கேள்வி. இங்கிலாந்து மாணவருக்கு அது பெரும்பாலும் அரசு. எனவே பாடநெறி தரமானதாயின் அவர் துணிந்து சேரலாம். வீட்டை ஈடு வைக்கும் நமது தகப்பனுக்கோ அது அவரது முதுமைக்காலம். பட்டத்தின் பெயரை மட்டும் நம்பி அதனைப் பணயம் வைக்க வேண்டாம்.