நம்பர் தெரிகிறது, ஆள் தெரியவில்லை

சென்ற பொங்கல் விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கச் செயற்குழு அன்பர் ஒருவர், உறுப்பினர்களைத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தார். சுற்றறிக்கை அனுப்புவதைவிடக் குரல் கேட்பது மரியாதை என்பது அவர் எண்ணம். நாற்பது பேரைக் கூப்பிட்டதில் எடுத்தவர்கள் ஒன்பது பேர். எனக்கு அவர் அழைப்பு வந்தபோதுதான் காரணம் புரிந்தது. கைப்பேசித் திரை சிவப்பாகி, 'தொல்லை அழைப்பு' என்று எச்சரித்தது. முன்பு சந்தா நினைவூட்டலுக்காக அவர் அழைத்தபோது, நம் அன்பர்களே சிலர் புகார்ப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வாருங்கள் என்றவருக்கு, கடன் வேண்டுமா என்று கேட்பவரின் பட்டம்!

இதைச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த மாதம் நடந்தது சிரிக்கும்படியாக இல்லை.

எங்கள் குடியிருப்பில் எழுபத்தெட்டு வயது அன்பர் ஒருவர், காலை நடைக்குப் போன இடத்தில் தடுக்கி விழுந்துவிட்டார். கையில் கைப்பேசி இல்லை. வீட்டு எண் மனப்பாடம். அருகில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் தம் கைப்பேசியிலிருந்து அவர் மனைவியை ஐந்து முறை அழைத்தார். மாமி எடுக்கவில்லை. "தெரியாத நம்பரை எடுக்கவே கூடாதுன்னு பொண்ணு ஆயிரம் தடவை சொல்லியிருக்கா சார். நான் என்ன பண்ணுவேன்?" என்று மருத்துவமனை வராந்தாவில் அவர் அழுதபோது, பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண் சொன்னதும் தவறில்லை. மாமி செய்ததும் தவறில்லை. ஆனாலும் இடுப்பு எலும்பு முறிந்த ஒருவர் ஒன்றரை மணி நேரம் நடைபாதையில் கிடந்தார்.

நாம் டில்லிக்கு வந்த நாட்களில், தெருவுக்கு ஒரு வீட்டில்தான் தொலைபேசி. விண்ணப்பத்தில் பக்கத்து வீட்டு எண்ணை எழுதி, 'பி.பி.' என்று போட்டுக்கொள்வோம். மணி அடித்தால் எடுப்போம். ராங் நம்பராக இருந்தாலும் இரண்டு வார்த்தை பேசி வைப்போம். பிறகு எண் காட்டும் கருவி வந்தது. மணி அடித்துவிட்டு மூச்சு மட்டும் விடும் ஆசாமிகள் இனி மாட்டிக்கொண்டார்கள் என்று மகிழ்ந்தோம். 2003 வரை, செல்போனில் வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். எண்ணைப் பார்த்துவிட்டு எடுப்பது சிக்கனமாகவும் இருந்தது.

அந்தப் பழக்கத்தில் ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டது: திரையில் தெரியும் எண்தான் கூப்பிடுகிறவரின் எண் என்று. அது உண்மை அல்ல. அழைப்பு புறப்படும் இடத்திலிருந்து எந்த எண் அனுப்பப்படுகிறதோ, அதைத்தான் நம் கருவி காட்டுகிறது. இணையத்தின் வழியாகக் கணினியிலிருந்து அழைப்பவன், தான் விரும்பும் எண்ணை அதில் திணிக்க முடியும். தபால் உறையின் பின்புறம் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதைப் போலத்தான். வெளிநாட்டிலிருந்து இந்திய எண் போல வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, முதல் ஒரு நாளிலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டன. எத்தனை நாள் அத்தனையும் நம் வீடுகளில் மணி அடித்துக்கொண்டிருந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

'டிஜிட்டல் கைது' என்ற மிரட்டலும் இப்படித்தான் வருகிறது. போலீஸ், சுங்க இலாகா, நீதிமன்றம் என்று சொல்லி, வயதானவர்களை மணிக்கணக்கில் கைப்பேசி முன்னால் உட்கார வைத்துப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டியிருந்தது. அதட்டும் இந்திக்குப் பாதி புரிந்தும் புரியாமலும் "ஜீ, ஜீ" என்று பணிந்துவிடும் நம் பெரியவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு.

விதிகள் இல்லாமல் இல்லை. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்யும் வசதி 2007 முதல் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் திருத்திய விதிப்படி, தொல்லை அழைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம். முன்பே பதிவு செய்திருக்க வேண்டியதும் இல்லை. பத்து நாட்களில் ஐந்து பேர் புகார் செய்தால் அந்த எண்ணின்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? 'பிளாக்' செய்துவிட்டுப் போகிறோம். அது நம் வீட்டுக் கதவை மட்டும் சாத்துகிறது. 1909க்குச் செய்யும் புகார்தான் தெருவையே காக்கிறது.

இப்போது கூப்பிடுகிறவரின் பெயரையும் திரையில் காட்டும் முறை படிப்படியாக வருகிறது. 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது இது. இணைப்பு வாங்கும்போது கொடுத்த பெயர் தெரியும். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். நம் முகவரிப் புத்தகத்தையே வாங்கிக்கொண்டு பெயர் சொல்லும் செயலிகளைவிட எவ்வளவோ மேல். ஆனால் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலுக்கு இடமில்லாத வடநாட்டுப் படிவங்களில், அப்பா பெயர் நம் பெயராகவும் நம் பெயர் குடும்பப் பெயராகவும் பதிவாகியிருக்கிறது. பாதி மாமிகளின் இணைப்பு பிள்ளை பெயரில். நான் கூப்பிட்டால், காலமாகி முப்பது வருடமான என் தகப்பனார் கூப்பிடுவதாகத்தான் நண்பருக்குத் தெரியும்! சேவை நிலையத்துக்குப் போய் அவரவர் பெயரை இப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

என் கருத்து இதுதான். 'தெரியாத நம்பரை எடுக்காதே' என்பது முழுத் தீர்வல்ல. திருடனுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டால், உதவிக்கு வருகிறவனும் வாசலோடு திரும்பிப் போவான். எண்ணின் உண்மைக்குப் பொறுப்பேற்க வேண்டியவை, கட்டணம் வாங்கும் தொலைபேசி நிறுவனங்களே. அந்தப் பொறுப்பை எழுபது வயது மூதாட்டியின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

அதுவரை நம்மால் ஆனதைச் செய்வோம். தெரியாத எண் ஒரு முறை வந்தால் விட்டுவிடலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை வந்தால் எடுத்துக் கேட்கலாம். கேட்பதால் பணம் போகாது, ஓ.டி.பி. சொன்னால், பயந்து பணம் அனுப்பினால்தான் போகும். மிரட்டினால் வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930ஐ அழையுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பகுதியிலும், எந்நேரமும் கூப்பிடக்கூடிய இரண்டு தமிழன்பர்களின் எண்களைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, மூத்த உறுப்பினர்கள் வீட்டில் தொலைபேசி அருகே ஒட்டுங்கள். சந்தேக அழைப்பு வந்தால், பதில் சொல்லும் முன் தமிழில் ஒருவரிடம் கேட்க அது உதவும். அதே எண்கள் எழுதிய சீட்டு ஒன்று பெரியவர்களின் சட்டைப் பையிலும் இருக்கட்டும்.

இன்னொன்று. அடுத்த முறை சங்கத்திலிருந்து அழைப்பு வந்தால், தயவுசெய்து சிவப்புப் பொத்தானை அழுத்தாதீர்கள். சந்தா பாக்கி இருந்தாலும்தான்!